சாகுல் வீட்டு வாசலில் ஒரு மழைப்பள்ளம்

மஸ்கட்டிலிருந்து ஊருக்குப் போகிறவன் பெட்டியில் பாதி இடம் அவனுடையது அல்ல. அறையில் இருக்கும் எல்லோரும் எதையாவது கொடுத்துவிடுவார்கள். பேரீச்சம்பழம், சோப்பு, தலைவலித் தைலம், பிள்ளைக்கு ஒரு சோடி செருப்பு. இந்த முறை சாகுல் மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. நான் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி முடித்த பிறகு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஏலே முத்து, எனக்காக ஒரு எடத்துல போயி உக்காரணும். அவ்வளவுதான்” என்றான்.

சாகுல் வீடு அருப்புக்கோட்டையில் இருக்கிறது. அந்தத் தெருவில் பழைய சிமெண்டு ரோட்டைப் பெயர்க்காமல் மேலே மேலே போட்டு, வீடுகளெல்லாம் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. ஐப்பசியில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. பங்குனியில் போர்க்குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. மதுரையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, தெரு ஓரத்தில் பள்ளம் வெட்டி, சல்லியும் மணலும் நிரப்பி, மேலே செடி நட்டு, ரோட்டில் ஓடும் தண்ணீரை அதற்குள் இறக்கிவிடலாம் என்றார்களாம். இப்போதைக்கு ஒரு பள்ளம். எங்கே வெட்டுவது என்பதைத் தெருக்காரர்களே கூடி முடிவு செய்ய வேண்டுமாம். அந்தக் கூட்டத்தில் சாகுல் வீட்டுக்காக உட்கார ஆண்பிள்ளை இல்லை. அப்பாவை அவன் அத்தா என்பான்; அவர் காலமாகிவிட்டார். கூடப் பிறந்தவர்கள் கிடையாது.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பதினேழு வருடமாக மஸ்கட்டில் ரோட்டோரம் குழி வெட்டிச் செடி வைப்பதுதான் என் வேலை. எங்கள் மேஸ்திரி பெஷாவர்க்காரர். புதிதாக வரும் ஆட்களிடம் அவர் இந்தியில் சொல்வதை நான் நூறு தடவை கேட்டிருப்பேன்: “சுவரிலிருந்து மூன்று மீட்டர். அதற்கு உள்ளே தண்ணீர்க் குழி வெட்டினால் உன்னையே அதில் நட்டுவிடுவேன்.” அங்கே மண் சரளை. அதற்கே அந்தக் கணக்கு. சாகுல் வீடு நிற்பது கரிசலில். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் வாய் பிளக்கும், மேலே நிற்கிற சுவரும் வெடிக்கும். அவன் வீட்டுச் சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவே நாலடிதான் இருக்கிறது.

“நம்ம வாசல்ல மட்டும் வேணாம்ல. வேற எங்க வேணாலும் வச்சுக்கிடட்டும்” என்றான் சாகுல்.

சரி என்றேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் பேச்சு அதைவிடக் குறைவு. அது அவனுக்கும் தெரியும்.

விமானத்தில் எனக்குப் பின்னால் இருந்த மலையாளி, கதவு மூடும் வரை போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார். “தண்ணீர் எத்தனையாவது படி வரைக்கும் வந்திருக்கிறது? மூன்றாவதா? கோழிகளை மேலே ஏற்றியாச்சா?” என்று அவர் பாஷையில் கேட்டார். நான் என் வீட்டில் கேட்க வேண்டியது, மேகமாவது வந்ததா என்பதைத்தான்.

வரவில்லை. எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம். பருத்தியும் சோளமும் விதைத்துவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மண் மேலே செருப்பு சத்தம் போட்டது. என் மனைவி பேச்சியம்மாள் குதிரைவாலிச் சோறு ஆக்கிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஒரு வருடம் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்ற கைக்குச் சோற்றைப் பிசையக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாப்பிடும்போது சாகுல் விஷயத்தைச் சொன்னேன்.

“பேசுறதுக்கா? உங்களையா?” என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். “பொண்ணு பாக்க வந்தன்னைக்கே உங்களுக்குப் பதிலா உங்க மச்சான்தான் பேசுனாக.”

மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோவில் கிளம்பினேன். ஆட்டோவில் பதினோரு பேர், அதோடு ஒரு பருத்தி மூட்டை. வழியில் டயர் உட்கார்ந்துவிட்டது. மூட்டைக்காரப் பெண் இறங்காமலே கேட்டாள்.

“ஏப்பா, ஸ்டெப்னி இருக்கா?”

“இருக்குக்கா.”

“மாட்டு, பின்ன.”

“அது நேத்தே பஞ்சருக்கா.”

எல்லோரும் இறங்கி வேலிக்கருவை நிழலைத் தேடினோம். வேலிக்கருவைக்கு ஏது நிழல்? இரண்டு பஸ் நிற்காமல் போனது. மூன்றாவது பஸ்ஸில் படிக்கட்டில் தொற்றினேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். ‘பள்ளம் வைக்கலாம் பாய். ஆனால் இங்கே வேண்டாம்.’ படிக்கட்டில் தொங்குகிறவரைக்கும் அது சுலபமான பேச்சாகத்தான் இருந்தது.

தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. நிறுவனத்திலிருந்து வந்த சங்கீதா என்ற பெண், என்ஜினியர், ஒரு கட்டுச் சிவப்புக் கொடிகளோடு நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, மழைத்தண்ணீர் எங்கே நிற்குமோ அங்கே நடச் சொல்லியிருந்தது. என் கையிலும் ஒன்றைக் கொடுத்து, “நீங்க எந்த வீடு அண்ணா?” என்று கேட்டது. நான் சாகுல் வீடு என்று சொல்வதற்குள் யாரோ அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கொடியைக் கடைசி வரை கையிலேயே வைத்திருந்தேன்.

நான் மட்டுமல்ல, எல்லோரும் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு உலாத்தினார்கள். தன் வாசலில் நட ஒருவருக்கும் மனமில்லை.

“எங்க வாசல்ல ஒரு சொட்டு நிக்காதும்மா” என்றாள் ஒரு பெண்.

“ஆமாமா. போன மழைக்கு இவ கட்டிலுக்கடியில தவளைதான் குடும்பம் நடத்துச்சு” என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

“ஒனக்கென்னடி, ரெண்டு மகளையும் கட்டிக்குடுத்துட்ட. எனக்கு வெள்ளிக்கிழம மாப்பிள்ள வீட்டுக்காரக வாராக. வாசல்ல செவப்புக்கொடி நின்னா என்னன்னு கேக்க மாட்டாகளா?”

அதுதான் விஷயம். தண்ணீர் நிற்கிற வீடு என்று பெயர் வந்துவிட்டால் பெண் எடுக்க வருகிறவன் யோசிப்பான், வீட்டை வாங்க வருகிறவன் விலையைக் குறைப்பான். அந்தத் தெரு முழுக்கத் தேடியும் வீட்டு வாசலில் ஒரே ஒரு கொடிதான் நின்றது. அது சாகுல் வாசலில். நட்டது அவன் மனைவி மும்தாஜ்.

“கேட்டாக. உண்மையச் சொன்னேன் அண்ணே” என்றது அந்தப் பிள்ளை, திரைக்கு உள்ளேயிருந்து. “கணுக்கால் அளவு நிக்கிது. இல்லைன்னு எப்படிச் சொல்ல? தண்ணி நிக்கிற எடத்தக் காட்டுனா, அங்கயே வெட்டிப் போடுவாகன்னு எனக்கென்ன தெரியும்?”

தெருவை நானும் ஒரு நடை நடந்து பார்த்தேன். ரோட்டோரம் வேலை செய்கிறவனுக்குத் தண்ணீர் போன தடம் காய்ந்த பிறகும் தெரியும். தெரு சரிவது கீழ்க்கோடிக்கு. அங்கே காதர் பாய் மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கி இருக்கிறது. இரும்புக் கதவில் முழங்கால் உயரத்துக்குத் துரு ஏறியிருந்தது. தெருத் தண்ணீர் முழுக்க அங்கேதான் போய் நிற்கிறது. முன்னால் லாரி நிறுத்தச் சரளை கொட்டிய இடம், இருபதடிக்குக் குறையாது. பள்ளத்துக்கு அதைவிட நல்ல இடம் அந்தத் தெருவில் இல்லை. அங்கே ஒரு கொடி கூட இல்லை. காதர் பாய்தான் தெருவுக்குப் பெரியவர்.

சாகுல் வீட்டு முன்சுவரில் ஏற்கெனவே ஒரு வெடிப்பு இருந்தது. வெளியே நின்று பார்த்தால் சன்னலுக்கு இடது பக்கம், கீழ் மூலையிலிருந்து தரை வரைக்கும். மேலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நகத்தை வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை.

“வீடு கட்டுன மறுவருசமே வந்ததுண்ணே. அதுக்குப் பெறகு கூடல” என்றது மும்தாஜ். டீயும் ரொட்டியும் மகள் கையில் கொடுத்துவிட்டது. பிறகு நாளைக்கு நடக்கப்போவதைச் சொன்னது.

பகலில் பெண்களும் கொடி நடலாம். முடிவு, மறுநாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் மட்டும் கூடும் கூட்டத்தில். அந்தத் தெருவில் கல்யாணப் பேச்சோ பொதுப் பேச்சோ, முடியும்போது சீனித் தட்டு வருமாம். வீட்டுக்கு ஒருவர் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டால் சம்மதம். எடுக்காமல் தட்டைப் பக்கத்து ஆளிடம் நகர்த்தினால் சம்மதமில்லை. ஒரே ஒருவர் நகர்த்தினாலும் போதும், முடிவு நிற்காது, இன்னொரு நாள் மறுபடி பேச வேண்டும். ஏன் நகர்த்தினாய் என்று கேட்கிற வழக்கமும் கிடையாது.

“நீங்க ஒண்ணுமே பேச வேணாம்ண்ணே. உங்களப் பத்தி அவுக சொல்லியிருக்காக. தட்டு வந்தா நகத்திவிட்ருங்க, போதும்.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பேச்சே தேவையில்லாத வேலை. எனக்காகவே செய்து வைத்தது போல. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நன்றாகத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் கிட்டங்கி வாசலில் பாய் விரித்திருந்தார்கள். ஏறக்குறைய இருபது பேர். சங்கீதாவும் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையால் வரைந்த தெருப் படத்தை மடியில் வைத்திருந்தது. காதர் பாய் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். சாகுல் போனில் சொல்லியிருந்ததால் என்னை எல்லோருக்கும் காட்டி, “சாகுல் வீட்டுக்கு இவுக உக்காந்திருக்காக” என்றார்.

பேச்சு அதிக நேரம் நடக்கவில்லை.

“கொடி எங்க நிக்குதோ அங்கதான தண்ணி நிக்கிது. மும்தாஜே நட்டுருச்சே” என்றார் ஒருவர்.

“வேற எடத்துல நிக்கலையா, பாய்? தெரு சரிவு இந்தப் பக்கம்தானே இருக்கு?” என்று சங்கீதா கேட்டது.

“இங்க லாரி வரணும்மா. லாரி வரலைன்னா வத்தலத் தலையிலயா தூக்க?” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். காதர் பாய் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். இருபதடி இருக்கிறது, லாரிக்குப் பத்தடி போதும் என்று தெரியும். துருவைக் காட்டியிருக்கலாம். தட்டை நகர்த்தப் போகிறவன்தானே, எதற்குப் பேச வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தட்டு வந்தது. பித்தளைத் தட்டில் சீனி. முறைப்படி கடைசி ஆளிலிருந்து கைமாறி வந்திருந்தால் ஒருவேளை நகர்த்தியிருப்பேன். காதர் பாய் தட்டை அவரே எடுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பாயைச் சுற்றி நடந்து, என் முன்னால் வந்து குனிந்தார். நேராக நிற்கவே அவருக்கு முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“தம்பி, கடல் கடந்து வந்திருக்கீக. எங்க தெருவுக்கு விருந்தாளி. மொதல்ல உங்க வாயி இனிக்கட்டும்” என்றார்.

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னை நாலு பேர் பார்த்தாலே காது சூடாகிவிடும். அந்த வயதானவர் குனிந்தபடி நிற்கிறார். நான் கையை எடுத்துத் தட்டை அவர் பக்கமே தள்ள வேண்டும். கை போனது. தள்ளுவதற்குத்தான் போனது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். விரலில் சீனி ஒட்டியிருந்தது. பிறகு வாயில் இருந்தது.

அல்ஹம்துலில்லாஹ் என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். மற்றவர்கள் தட்டை வாங்கி மளமளவென்று எடுத்தார்கள். நான் எடுத்த பிறகு நகர்த்த யாருக்கு என்ன இருக்கிறது?

சாகுல் வாசலில் மும்தாஜ் திரைக்குப் பின்னால் நின்றது. “நகத்திட்டீகளாண்ணே?”

“எடுத்துட்டேன்மா.”

திட்டும் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சாப்ட்டுட்டுப் போங்கண்ணே. உங்களுக்குன்னுதான் ஆக்குனேன்” என்றது.

நெய்ச்சோறும் தால்ச்சாவும். நல்ல கை. உப்பு, புளி எல்லாம் அளவாக இருந்திருக்கும். எனக்கு நாக்கில் சீனிதான் நின்றது. மகள் மறுசோறு வைத்தபோது போதும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதையும் தின்றேன்.

மறுநாள் எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் போனேன். இரண்டு கூலி ஆட்கள் சுண்ணாம்புக் கோட்டுக்குள் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் களைத்து உட்கார்ந்தபோது மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பாஷை அது. சுவர்ப் பக்கக் கோட்டை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கமாக வெட்டிக்கொண்டே போனேன். ஒரு சாண், இரண்டு சாண்.

“அண்ணா, கோட்டைத் தாண்டிப் போறீங்களே” என்றது சங்கீதா.

ஒரு கட்டி மண்ணை எடுத்து அதன் கையில் வைத்தேன். “கரிசல்மா” என்றேன். பிறகு என்னவோ திறந்துகொண்டது. சுவர், மூன்று மீட்டர், பெஷாவர் மேஸ்திரி, கிட்டங்கிக் கதவின் துரு, லாரிக்குப் பத்தடி போதும் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு வெளி ஆளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டது.

“இதையெல்லாம் நேத்து சொல்லியிருக்கலாமே அண்ணா. நான்தான் கேட்டேனே, வேற இடம் இல்லையான்னு.” கோபமில்லை, வருத்தமாகத்தான் சொன்னது. “தெரு கூடி முடிவு பண்ணதை இனி நான் மாத்தினா, அப்புறம் எதுக்குக் கூட்டம்?”

அந்தப் பெண் காதர் பாயிடம் போய்ப் பேசிப் பார்த்தது. அவர் என்னைச் சொல்லி, அந்த வீட்டுக்காரரே சீனி எடுத்துவிட்டாரே என்று சொன்னாராம். அவர் பொய் சொல்லவில்லை.

கடைசியில் சங்கீதா தன் பொறுப்பில் ஒன்று செய்தது. கனமான பிளாஸ்டிக் தாள் வாங்கி வரச் செய்து, சுவர்ப் பக்கம் மட்டும் பள்ளத்தின் உள்ளே செங்குத்தாக இறக்கச் சொன்னது. தாளை நானே இறக்கினேன். மடிப்பு விழாமல் நீவினேன். ஆனால் அடியில் தாள் இல்லை. அடியில் தாள் போட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. இறங்குகிற தண்ணீர் தாளின் கீழ்விளிம்போடு நின்றுகொள்ளும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சல்லி, மணல், மேலே வெட்டிவேரும் கல்வாழையும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, தெருவில் பூங்கா வைத்திருக்கிறார்களே என்று பாராட்டினார்களாம்.

விடுப்பு முடிகிற வரை மழை இல்லை. பேச்சியம்மாள் தினமும் மேகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் பார்த்தது மழை வர வேண்டும் என்று. விதைத்த நிலத்தில் நின்றுகொண்டு மழை வேண்டாம் என்று நினைத்தவன் அந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

மஸ்கட்டில் அறைக்குள் நுழைந்தபோது சாகுல் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். மும்தாஜ் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். அவன் கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தேன். அவனுக்காக மும்தாஜ் கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயைக் கொடுத்தேன்.

“நீதான் மொதல்ல எடுத்தியாம்ல” என்றான், ஊறுகாய் மூடியைத் திருகிக்கொண்டே.

“ஆமா.”

“காதர் பாய் குனிஞ்சு நின்னா எங்க அத்தாவாலயே மறுக்க முடியாதுல” என்றான். எனக்காகச் சொன்னானா, தனக்காகச் சொல்லிக்கொண்டானா, தெரியவில்லை.

கொஞ்ச நாளில் அங்கே மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்ததாம். எங்கள் ஊரில் பருத்தி தப்பித்தது என்று பேச்சியம்மாள் போனில் அழுதாள். அன்று வேலை முடிந்து வந்தபோது சாகுல் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

மும்தாஜ் எடுத்து அனுப்பிய வீடியோ. ரோட்டில் ஓடி வந்த தண்ணீர் பள்ளத்துக்குள் சுழித்து இறங்கியது. செடிகள் ஆடின. தெரு கழுவிவிட்டது போல் கிடந்தது, எந்த வாசலிலும் தண்ணீர் இல்லை. “எறங்குது பாருடி, எறங்குது!” என்று, மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்ன அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. யாரோ கை தட்டினார்கள்.

பிறகு படம் திரும்பியது. வீட்டு முன்சுவர். மும்தாஜ் போனைச் சுவருக்குக் கிட்டே கொண்டுபோனது. சன்னலிலிருந்து தரை வரைக்கும் ஒரு கோடு. சாகுல் இரண்டு விரலால் பெரிதாக்கினான்.

“இது பழசுதானல?” என்றான்.

கோடு சன்னலுக்கு வலது பக்கம் இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். பேச்சே தேவையில்லை.

“இல்ல சாகுலு. பழசு இடது பக்கம்.”

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வருடத்துக்கு ஒரு முறை போய், இருபது நாள் இருந்து வருகிறவன். தன் வீட்டுச் சுவரில் எது எந்தப் பக்கம் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

“வெளிய நின்னு பாத்தா இடதா, உள்ள இருந்து பாத்தா இடதா?” என்று கேட்டான்.

“வெளிய நின்னு” என்றேன். படமும் வெளியே நின்று எடுத்ததுதான்.